கண் தெளிந்ததும் ஸ்டீரொய்ட் சொட்டு மருந்தை நிறுத்திவிடலாமா?

திருகோணமலை நகரிலிருந்து எழுதியிருக்கும் தம்பி கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வலது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத அளவுக்கு வலித்ததால் கண் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். கண்ணுக்குள் அழற்சி, ஐரைடிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு சதவீத பிரெட்னிசோலோன் அசிற்றேற் என்ற ஸ்டீரொய்ட் சொட்டை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை விட வேண்டும், ஹோமட்ரோப்பின் சொட்டை நாளுக்கு மூன்று முறை விட வேண்டும், இரண்டாம் வாரத்திலிருந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று கொப்பியில் எழுதி, இரண்டு போத்தல்களும் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் நாளில் சிவப்பும் வலியும் போய்விட்டன. இதற்கிடையில் ஸ்டீரொய்ட் சொட்டு கண் அழுத்தத்தையும் கண்புரையையும் உண்டாக்கிப் பார்வையைப் பறித்துவிடும் என்று எங்கேயோ வாசித்துப் பயந்துவிட்டார். இப்போதே நிறுத்தலாமா, திறக்காத இரண்டாவது போத்தலை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா, அடிக்கடி கண் சிவக்கும், சீனி வருத்தமும் உள்ள அம்மாவுக்கு அதை விடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, இந்த மருந்து நோயைவிட ஆபத்தானதா என்பதுதான்.

நான் வைத்தியர் அல்ல, மருந்தாளர். அரச வைத்தியசாலை மருந்தகத்திலும் பிறகு இதே ஊரில் தனியார் பார்மசியிலும் பல வருடங்களாக வேலை செய்து வருகிறேன். மருந்தைப் பற்றி உறுதியாகப் பேச என்னால் முடியும். உங்கள் கண்ணுக்குள் இன்று என்ன நடக்கிறது என்பதை, அதைக் கருவியில் பார்த்தவர் மட்டுமே சொல்ல முடியும். இந்த வரம்பை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். நேரடிப் பதில் வேண்டுமென்றால்: நிறுத்த வேண்டாம், அடுத்த முறைக்கென்று வைக்க வேண்டாம், அம்மாவுக்கு விடவே வேண்டாம். நீங்கள் வாசித்தது பொய்யில்லை. ஸ்டீரொய்ட் சொட்டால் பார்வையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் கண்ணை யாருக்கும் காட்டாமல், கடையில் வாங்கி, மாதக்கணக்கில் விட்டவர்கள். உங்களுடைய நிலை வேறு. உங்களுக்கு நோய் என்னவென்று பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், அளவு எழுதியிருக்கிறார்கள், திரும்பி வரவும் திகதி கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் உங்களுக்கு வந்திருக்கும் நோயைப் பார்ப்போம். கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறமுள்ள வளையத்தைக் கதிராளி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதில் வரும் அழற்சிதான் ஐரைடிஸ். அழற்சி வந்த கதிராளி பசை பிடித்ததுபோல் ஆகி, பின்னால் இருக்கும் வில்லையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டிவிட்டால் கண்மணி வட்டம் கெட்டுக் கோணலாகும். முழுச் சுற்றும் ஒட்டிவிட்டால் கண்ணுக்குள் ஊறும் நீர் முன்னால் வர வழியில்லாமல் தேங்கி, கண் அழுத்தம் ஏறும். அதாவது, மருந்தால் வரும் என்று நீங்கள் பயப்படும் கண் அழுத்தமும் புரையும், மருந்து விடாமல் விட்டாலும் இந்த நோயாலேயே வரக்கூடியவை. பிரெட்னிசோலோன் அந்த அழற்சியை அடக்குகிறது. ஹோமட்ரோப்பின் கண்மணியை விரித்து, கதிராளி வில்லையோடு ஒட்டாமல் காக்கிறது. கண்ணுக்குள் இறுகிப்போன தசையைத் தளர்த்தி வலியையும் குறைக்கிறது. ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கிட்டத்தில் வாசிக்க முடியாமல் மங்கலாக இருப்பதும், வெயிலில் கண் கூசுவதும் இந்த ஹோமட்ரோப்பினின் வேலை. கடைசிச் சொட்டு விட்ட பிறகும் ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை அது நீடிக்கலாம். ஸ்டீரொய்ட் பார்வையைக் கெடுத்துவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த மங்கலைப் பார்த்துத்தான். அந்த நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம்.

இனி, ஏன் நிறுத்தக் கூடாது என்பது. கண்ணாடியில் உங்களுக்குத் தெரிவது கண்ணின் வெளிப்பக்கம். சிவப்பும் வலியும் முதலில் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் நீரில் அழற்சி அணுக்கள் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். நாடியை (மோவாயை) வைத்து உட்கார வைத்து, மெல்லிய கீற்று வெளிச்சத்தைக் கண்ணுக்குள் பாய்ச்சிப் பார்ப்பார்களே, அந்தப் பிளவு விளக்குக் கருவியில்தான் அவை தெரியும். வெளிச்சக் கீற்றுக்குள் தூசி மிதப்பதைப் போல் அவை தெரியும் என்று கண் வைத்தியர்கள் சொல்வார்கள். அவை இருக்கும்போதே மணிக்கொரு சொட்டிலிருந்து சட்டென்று நிறுத்தினால், அடக்கி வைத்த அழற்சி திரும்பி வரும். பல நேரங்களில் முன்பைவிடக் கடுமையாக வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த வாரத்தில் எத்தனை சொட்டாகக் குறைப்பது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே அட்டவணை கிடையாது. ஒரு வைத்தியர் நாலு வாரத்தில் முடிப்பார், இன்னொருவர் ஆறு வாரம் எடுப்பார். அது அவர்களுடைய அனுபவத்தையும் ஒவ்வொரு முறையும் உள்ளே எத்தனை அணுக்கள் மிச்சமிருக்கின்றன என்பதையும் பொறுத்தது. ஆகவே வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த அட்டவணையோடு உங்களுடையதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

நிறுத்த நினைக்காமலே நிறுத்திவிடுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது, மருந்து முடிந்துவிடும். ஐந்து மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 100 சொட்டுகள் இருக்கும், சில போத்தல்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. மணிக்கு ஒன்று என்றால் நாளுக்குப் பதினாறு சொட்டு வரை போகும். ஒரு போத்தல் ஆறு நாளைக்குக் காணும். இரண்டு சொட்டு விட்டால் மூன்று நாளில் காலி. வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு, இன்னொரு போத்தலுக்காக ஒருநாள் கூலியை விட்டு பஸ் ஏறி நகருக்கு வருவது சின்ன விஷயமில்லை. அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் பார்ப்போம் என்று விட்டுவிடுவார்கள். உங்களுக்கு இரண்டு போத்தல் கொடுத்ததன் கணக்கு இதுதான், தம்பி. அந்த இரண்டாவது போத்தல் அடுத்த முறைக்கானதல்ல, இந்த முறைக்கே உரியது. போத்தலில் நாலில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். கிளினிக் திகதி போயா தினத்திலோ நீண்ட விடுமுறையிலோ விழுகிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சொட்டு விடும் முறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மருந்து வேலை செய்யாமல் போவதற்கு நான் கண்ட காரணங்களில் பாதி இதில்தான் இருக்கிறது என்பதால் நின்று சொல்கிறேன். பிரெட்னிசோலோன் அசிற்றேற் தண்ணீரில் கரைந்த மருந்தில்லை. நுண்ணிய தூளாக மிதக்கும் கலவை. போத்தலைச் சும்மா வைத்திருந்தால் வெள்ளையாக அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் முதல் நாட்களில் வெறும் நீரும், போத்தல் முடியும் தறுவாயில் செறிந்த மருந்தும் கண்ணுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் பத்து விநாடியாவது நன்றாகக் குலுக்குங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் சின்னப் பை போல ஒரு பள்ளம் உண்டாகும். ஒரே ஒரு சொட்டு அதற்குள் விழ வேண்டும். இரண்டாவது சொட்டால் பயனில்லை, கண்ணில் அதற்கு இடமே கிடையாது, கன்னத்தில்தான் வழியும். போத்தலின் முனை இமையிலோ மயிரிலோ விரலிலோ படக்கூடாது. பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழி அங்கேதான் இருக்கிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணில் தங்கும், தொண்டையில் கசப்பும் தெரியாது, உடம்புக்குள் போகும் அளவும் குறையும். விட்டவுடன் கண்ணைச் சிமிட்டுவது மருந்தை நீங்களே வெளியே தள்ளுவதற்குச் சமம். ஹோமட்ரோப்பினுக்கும் இதற்கும் இடையில் ஐந்து நிமிடமாவது இருக்கட்டும். களிம்பும் கொடுத்திருந்தால் அதைக் கடைசியாகப் போட வேண்டும். கண்ணின் மேல் வைக்கும் கொன்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தால், இந்த நோய் முழுதாக ஆறி வைத்தியர் சொல்லும் வரை அதைத் தொடவே வேண்டாம்.

இப்போது நீங்கள் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். ஸ்டீரொய்ட் சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதை 1960களில் அமெரிக்காவில் ஆர்மலி, பெக்கர் ஆகிய இரு கண் வைத்தியர்கள் தனித்தனியே ஆராய்ந்து காட்டினார்கள். நாளுக்கு மூன்று நாலு முறை வீதம் சில வாரங்கள் விட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அழுத்தம் ஓரளவு ஏறியது. நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் மிகக் கடுமையாக, 15 மில்லிமீற்றர் இரசத்துக்கும் (கண் அழுத்தத்தை அளக்கும் அலகு இது) மேலாக ஏறியது. சாதாரண அழுத்தமே 10 முதல் 21 வரைதான் என்பதால் அது எத்தனை பெரிய ஏற்றம் என்று பாருங்கள். கண்ணின் நீர் வெளியேறும் சல்லடை போன்ற திசுவில் அடைப்பு உண்டாவதே காரணம். பெரும்பாலும் இது தொடங்கி இரண்டு வாரத்துக்கும் ஆறு வாரத்துக்கும் இடையில் தெரியவரும். சிலருக்கு அதற்கு முன்பே ஏறலாம், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. கண் நீர் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா உள்ளவர்கள், அந்த நோய் உள்ள பெற்றோரோ சகோதரரோ இருப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், தூரத்தில் இருப்பது தெரியாததால் (கிட்டப்பார்வை) தடித்த கண்ணாடி போடுபவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் இவற்றில் ஒன்றுமே இல்லாதவருக்கும் ஏறலாம். யாருக்கு ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு பரிசோதனையும் இல்லை. விட்டுப் பார்த்து அளக்க வேண்டியதுதான்.

இந்த அழுத்தம் வலிக்காது. அதுதான் இதன் கொடுமை. கண் சிவக்காது, எழுத்து மங்காது. பின்னால் இருக்கும் பார்வை நரம்பு தேய்ந்து, பார்வையின் ஓரங்கள் முதலில் போகும். நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால் ஆள் தனக்கு ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் சில வாரங்களில் இறங்கிவிடும். தேய்ந்த நரம்பு திரும்பி வராது. அதனால் உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு, அழுத்தத்தை அளந்து பார்ப்பது ஒன்றுதான். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டையும் மஞ்சள் சாயத்தையும் விட்டு, நீல வெளிச்சம் வரும் சிறு முனையைக் கண்ணில் தொட்டு அளப்பார்கள், அல்லது காற்றை ஊதி அளப்பார்கள். வலியில்லை, ஒரு நிமிடம் கூட எடுக்காது. ஒவ்வொரு கிளினிக்கிலும் "என் கண் அழுத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கொப்பியில் திகதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். நெரிசலான கிளினிக்கில் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரைடிஸ் தொடங்கும் நாட்களில் கண்ணுக்குள் நீர் ஊறுவதே குறைந்து அழுத்தம் தாழ்ந்து காட்டக்கூடும். அழற்சி ஆற ஆற ஊறல் பழைய நிலைக்கு வரும், அப்போதுதான் மருந்தின் ஏற்றமும் வெளிப்படும். முதல் நாள் அழுத்தம் நன்றாக இருந்தது என்பதை வைத்து மூன்றாம் வாரக் கிளினிக்கைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

புரை பற்றிய பயம் உங்களுக்கு இப்போது தேவையில்லை. வில்லையின் பின்புறத்தில் ஸ்டீரொய்டால் வரும் புரை, நீண்ட காலம் விடுபவர்களின் பிரச்சினை. சில வாரங்கள் மட்டும் விட்டு நிறுத்துபவர்களுக்கு அந்த ஆபத்து அவ்வளவு இல்லை. அடிக்கடி ஐரைடிஸ் வந்து வருடத்தில் பல மாதங்கள் மருந்து விட வேண்டி வந்தால், அப்போது அதைப் பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும்.

அடுத்த முறைக்கு வைப்பது பற்றி. திறக்காத போத்தல் அதில் அச்சிட்ட காலாவதித் திகதி வரை கெட்டுப்போகாது. அந்தக் கணக்கில் நீங்கள் கேட்டது நியாயம்தான். திறந்த போத்தலை நாலு வாரத்தில் எறிந்துவிட வேண்டும். திறந்த அன்றே திகதியைப் பேனாவால் லேபலில் எழுதிவிடுங்கள். ஆனால் என் மறுப்புக்குக் காரணம் மருந்து கெடுவது இல்லை. அடுத்த முறை கண் சிவக்கும்போது அது ஐரைடிஸ்தான் என்று உங்களுக்கு யார் சொல்வார்கள்?

தம்பலகாமத்துப் பக்கம் வெள்ளாண்மை வெட்டும் காலத்தில் என் கடைக்கு வந்த ஒருவரைச் சொல்கிறேன். நெல்லுத் தூசி கண்ணில் அடித்து நாலு நாள் ஆகியிருந்தது. கையில் வெற்றுப் போத்தல் ஒன்று. பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுத்ததாம். "இதே மருந்து ஒன்று தாருங்கள் ஐயா, விட்டவுடன் சுகமாக இருந்தது, முடிந்துவிட்டது" என்றார். சுகமாக இருந்தது என்பதும் உண்மைதான். ஸ்டீரொய்ட் எந்தச் சிவப்பையும் இரண்டு நாளைக்கு அமுக்கிக் காட்டும். கண்ணை வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்பு விழிக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில், ஓரம் கலைந்த பஞ்சுபோல் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. மருந்து கொடுக்கவில்லை. ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்பினேன். நெல், வைக்கோல், மரக்கிளை பட்ட கண்ணில் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பூஞ்சணம் புகுந்து புண் உண்டாக்குவது சாதாரணம். அதற்கு நட்டமைசின் போன்ற பூஞ்சண எதிர்ப்பு மருந்து வேண்டும். ஸ்டீரொய்ட் விட்டால் உடம்பின் எதிர்ப்பு விலகி, பூஞ்சணம் ஆழமாகப் போய்க் கண்ணையே துளைத்துவிடக்கூடும்.

இதேபோல் பொல்லாதது ஹெர்பீஸ் வைரஸ். வாயோரத்தில் கொப்புளம் போடும் அதே வைரஸ் கண்ணிலும் வரும். கிளைவிட்ட மரம் போன்ற ஒரு மெல்லிய புண்ணை விழிப்படலத்தில் உண்டாக்கும். சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் ஒழிய அது தெரியாது. வெளியே பார்ப்பவருக்கு வெறும் கண் சிவப்பு. அதில் ஸ்டீரொய்டைத் தனியாக விட்டால் கிளைப்புண் பரந்து பெரும்புண்ணாகிவிடும். ஹெர்பீஸின் வேறொரு வகையில் வைத்தியர்களே வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்து ஸ்டீரொய்ட் கொடுப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சீட்டைப் பார்த்து யாராவது மிரண்டுபோவார்கள். எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பது கருவியின் வேலை. வீட்டு அலமாரியில் இருக்கும் போத்தலுக்கு அது தெரியாது.

அம்மாவின் கேள்வி எனக்கு உங்கள் கேள்வியைவிடக் கவலை தருகிறது. அடிக்கடி கண் சிவப்பதற்குக் கண் காய்தல், இமை ஓரத்து அழற்சி, வெயிலாலும் கடற்காற்றாலும் வளரும் சதை என்று பல காரணங்கள் இருக்கலாம். இவற்றுக்குப் பிரெட்னிசோலோனை வீட்டில் எடுத்து விடக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்டீரொய்டால் அழுத்தம் ஏறும் வாய்ப்பும் கூட. கட்டுப்பாடில்லாத நீரிழிவில் கண்ணுக்குள் புது இரத்தக் குழாய்கள் முளைத்து, அதனாலேயே அழுத்தம் ஏறிக் கண் சிவந்து வலிக்கும் கடும் நிலையும் உண்டு. அதை இந்தச் சொட்டு மறைத்துவிடும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் ஒருவருக்கு வருடத்துக்கு ஒரு தடவை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பது எப்படியும் தேவை. உங்கள் அடுத்த கிளினிக் நாளில் அம்மாவையும் கூட்டிச் செல்ல முடியுமா என்று பாருங்கள். போத்தலைப் பகிர்வது, முனையில் ஒட்டிய கிருமியையும் பகிர்வது என்பது தனிக் காரணம்.

இதை எழுதும்போது பிள்ளைகளின் நினைவும் வருகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், கண் அரித்து அரித்துக் கசக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை, கூடுதலாக ஆண் பிள்ளைகளை, தாய்மார் கடைக்குக் கூட்டி வருவார்கள். வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் வரும் ஒவ்வாமைக் கண் நோய் அது. பருவ வயது தாண்டும்போது பெரும்பாலும் தானாக அடங்கும். ஸ்டீரொய்ட் விட்டால் அரிப்பு அன்றைக்கே நிற்கும், அதனாலேயே தாய்மார் அதைத்தான் கேட்பார்கள். வருடக்கணக்கில் காற்றுக் காலமெல்லாம் அது போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகளின் கண்ணில் அழுத்தம் பெரியவர்களைவிட வேகமாகவும் அதிகமாகவும் ஏறும், பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. இந்த நோய்க்குக் குளிர்ந்த ஒத்தடம், குரோமோகிளைகேற், ஒலோபட்டடின் போன்ற ஸ்டீரொய்ட் இல்லாத சொட்டுகள் இருக்கின்றன. கடுமையானால் கண் வைத்தியர் சைக்ளோஸ்போரின் சொட்டு கொடுப்பார், அல்லது தன் கண்காணிப்பில் சில நாளைக்கு ஸ்டீரொய்ட் கொடுப்பார். வீட்டில் பிள்ளைக்கென்று வாங்கிய சொட்டு எதுவும் இருந்தால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன், ஃபுளோரோமெத்தலோன் என்று சோனிலும் லோனிலும் முடிந்தால் அது ஸ்டீரொய்ட். லோட்டெப்ரெட்னோல் அந்த முடிவு இல்லாத ஸ்டீரொய்ட். டெக்ஸாமெதசோனோடு நியோமைசின் அல்லது டொப்ராமைசின் சேர்ந்தவற்றைப் பலர் வெறும் கிருமிநாசினிச் சொட்டு என்று நினைத்து வாங்குகிறார்கள். அதற்குள்ளும் முழு அளவில் ஸ்டீரொய்ட் இருக்கிறது.

ஃபுளோரோமெத்தலோனும் லோட்டெப்ரெட்னோலும் அழுத்தத்தைக் குறைவாக ஏற்றுபவை என்பது உண்மை. அதனால் இதற்குப் பதில் அதைத் தாருங்கள் என்று கேட்க வேண்டாம். கண்ணின் மேற்பரப்பு அழற்சிக்கு அவை நல்லவை. உங்கள் ஐரைடிஸுக்கு மருந்து உள்ளே ஊடுருவ வேண்டும், அதற்காகவே வலுவானதை எழுதியிருக்கிறார்கள். கடையில் பிரெட்னிசோலோன் அசிற்றேற் இல்லையென்றால் பிரெட்னிசோலோனின் வேறு இரசாயன வடிவத்தையோ வேறு ஸ்டீரொய்டையோ மருந்தாளரே மாற்றிக் கொடுப்பதும் சரியில்லை, வைத்தியரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். 2023இல் நம் நாட்டில் கண்புரை சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குக் கொடுத்த பிரெட்னிசோலோன் சொட்டைப் பற்றி முறைப்பாடு எழுந்து, அதைப் பாவனையிலிருந்து விலக்கியது பலருக்கு நினைவிருக்கும். அதனால் வாங்கும்போது மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பெட்டியை எறியாமல் தொகுதி இலக்கத்தோடு வைத்திருங்கள். சேமிக்கும் வெப்பநிலை லேபலில் இருக்கும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளோ வெயில் படும் யன்னலிலோ வைக்க வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் பனி உறையும் தட்டிலும் வேண்டாம்.

மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போதே வலி கூடினால், பார்வை நாளுக்கு நாள் மங்கினால், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால், தலைவலியோடு வாந்தி வந்தால், கறுப்பு விழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பீளை கெட்டியாகக் கட்டினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள், இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது போத்தல்களையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். நந்தியாவட்டைப் பூச் சாறும் தாய்ப்பாலும் கண்ணுக்கு விடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஸ்டீரொய்ட் விடும் கண்ணில் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும் என்பதால், இந்த வாரங்களில் அவை அந்தப் பக்கமே வரக் கூடாது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். காலையில் எழும்பும்போது இடுப்பும் கீழ்முதுகும் விறைத்து, நடமாடிய பிறகு இளகுகிறதா? இளம் வயதில் ஒரு கண்ணில் திடீரென்று ஐரைடிஸ் வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியும் கூடவே இருக்கும். அந்த விறைப்பைக் கண்ணோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. நீண்ட நாள் இருமல், உடல் மெலிவு, வாய்ப்புண், தோலில் தடிப்பு, வீட்டில் யாருக்காவது காசநோய் என்று இருந்தாலும் அதுவும் சேரும். பலருக்கு ஒரு காரணமும் அகப்படாது. ஆனால் இருந்தால் கண் வைத்தியருக்குத் தெரிய வேண்டும், இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ எடுக்கச் சொல்வார். அடுத்த கிளினிக்குக்குப் போகும் முன் இவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நின்று உள்ளே போனதும் பாதி மறந்துவிடும்.